செங்கல்லற்ற கோயிலும் செங்கற்கோயில்களும்: மண்டகப்பட்டுக் குடைவரையின் வரலாறும் கட்டடக்கலையும்

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சிறு கோயில், தமிழகக் கட்டடக்கலை வரலாற்றில் ‘முதற் குடைவரை’ என்னும் அடையாளத்தோடு பேசப்பட்டு வருகிறது. அங்குள்ள வடமொழிப் பாடல் அந்த அடையாளத்திற்குச் சான்றாகக் காட்டப்பெறுகிறது. ஆனால், அப்பாடல் முதன்மையைப் பற்றி எதுவும் கூறவில்லை. நான்கு கட்டுமானப் பொருள்களைத் தான் கொள்ளவில்லை என்று மட்டுமே கூறுகிறது. அந்நான்கு பொருள்களும் வழக்கில் இருந்த நிலப்பகுதியோடு, குறிப்பாக மரக்காணம் முதல் புதுச்சேரி வரையுள்ள கடற்கரைப் பகுதியோடு, இக்குடைவரையை இணைத்து நோக்கும்பொழுது அதன் கட்டடக்கலையும் பிற்கால வரலாறும் தெளிவடைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மண்டகப்பட்டு, மகேந்திரவர்மன், குடைவரை, செங்கற்கோயில், கற்றளி, மரக்காணம், இரும்பை மாகாளம், திருவக்கரை.

முன்னுரை

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியை அடுத்துள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. அங்குள்ள ஒரு பாறையின் முகத்தில் மூன்று கருவறைகள் கொண்ட சிறு குடைவரை அமைந்துள்ளது. விமானமோ கோபுரமோ திருச்சுற்றோ அதற்கு இல்லை. கருவறைகளும் இன்று வெறுமையாக உள்ளன. ஆயினும், பல்லவர் கலையைப் பற்றிய நூல்களில் இக்குடைவரைக்கு இடம் தராதவை அரிது. அதற்குக் காரணம் அதன் முகப்பில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள ஒரே ஒரு பாடலாகும்.

புதுச்சேரியில் பேராசிரியராகப் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இக்குடைவரையின் சிறப்பை ஆய்வுலகிற்கு எடுத்துக்காட்டினார். அவர் காலந்தொட்டு, தமிழ்நாட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுக்கும் முறை மகேந்திரவர்மனோடு தொடங்கியது என்பதற்கு இப்பாடலே தலையாய சான்றாகக் கொள்ளப்பெற்றது. அதன் விளைவாக, ‘இது முதலாவதா, அன்றா’ என்னும் வினாவே மண்டகப்பட்டைப் பற்றிய உரையாடலில் மேலோங்கியது. எந்தச் சூழலில் ஓர் அரசன் இத்தகைய பாடலைப் பொறிக்க நேர்ந்தது, அவன் விலக்கிய பொருள்களால் ஆன கோயில்கள் பின்னர் என்ன ஆயின என்னும் வினாக்கள் பின்தங்கின. இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

நிலமும் கட்டுமானப் பொருளும்

ஒரு நிலப்பகுதியின் கோயிற்கலையை அந்நிலம் தரும் பொருளிலிருந்தே அறியத் தொடங்குதல் வேண்டும். மண்டகப்பட்டு உள்ள உள்நாட்டுப் பகுதி கருங்கற் பாறைகளும் குன்றுகளும் நிறைந்தது. செஞ்சிக் குன்றுகளும் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் குன்றும் இப்பகுதியின் இயல்பைக் காட்டுவன.

கிழக்கே கடலை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் மாறுகிறது. இன்றைய ஆரோவில் அமைந்துள்ள மேட்டுநிலம் செம்மண்ணால் ஆனது. அதன் அடியில் இருப்பது நிலவியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்ட படிவமாகும். கல்லாகிப்போன மரங்களுக்குப் பெயர்பெற்ற திருவக்கரையும் இப்படிவத்தைச் சார்ந்ததே. ஆரோவிலுக்கு வடக்கே கழுவேலி நீர்ப்பரப்பும், அதனையடுத்து மரக்காணத்தின் உப்பளங்களும் உள்ளன. மணலும் களியும் உவர்நீரும் கொண்ட இந்நிலத்தில் குடைவதற்குரிய கருங்கற் பாறை கிடைப்பதில்லை. கோயில் எடுக்க விரும்பியவர்க்கு ஏரி, ஆற்றுப் படுகைகளின் களிமண்ணிலிருந்து சுட்ட செங்கல்லும், கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும், மரமும் கைக்கெட்டிய பொருள்களாக இருந்தன.

இக்கடற்கரையில் செங்கற் கட்டுமானம் மிகப் பழையது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் செங்கற் கட்டடப் பகுதிகள் வெளிப்பட்டன. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாகச் சுட்டப்பெறும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர்கள் மரக்காணமாகக் கருதுகின்றனர். எனவே, பல்லவர்க்கு முன்னரே இக்கரை ஊர்களும் பட்டினங்களும் கொண்டு விளங்கியது என்பதில் ஐயமில்லை. இத்தகைய பகுதியில் கோயில்கள் இருந்திருக்கும் என்பதும், அவை செங்கல், மரம், சுதை ஆகியவற்றால் ஆனவையாக இருந்திருக்கும் என்பதும் பொருந்தும்.

இதற்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. அகநானூற்றின் 167ஆம் பாடல் மக்கள் நீங்கிய ஊரின் பாழ்பட்ட பொதியிலைக் காட்டுகிறது. அங்கே நெடிய சுவர் செங்கல்லால் ஆனது. மேலுள்ள விட்டம் விழுந்துவிட்டது. தீட்டப்பெற்றிருந்த கடவுள் அவ்விடத்தை விட்டு அகன்றுவிட்டது. சுவருக்குச் செங்கல், கூரைக்கு மரம், தெய்வத்திற்கு ஓவியம் என்னும் அமைப்பு இதனால் புலனாகிறது.

தொல்லியல் சான்றும் இதே கடற்கரையில் வடக்கே கிடைத்துள்ளது. 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணல் அகன்று கல்வெட்டுகள் கொண்ட பாறை வெளிப்பட்டது. திருவிழிச்சில் என்னும் ஊரின் முருகன் கோயிலை அக்கல்வெட்டுகள் குறித்தன. அதனைத் தொடர்ந்து இந்தியத் தொல்லியல் துறை 2005ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட அகழாய்வில், மணலின் அடியில் செங்கற்கோயில் ஒன்று கண்டறியப்பட்டது. பல்லவர்க்கு முற்பட்ட செங்கற் கட்டுமானத்தின்மீது பிற்காலக் கருங்கற் கட்டுமானம் எழுப்பப்பட்டிருந்தது. மண்டகப்பட்டுப் பாடல் எவற்றை விலக்கியது என்பதைக் கண்ணால் காண உதவும் சான்று இதுவாகும்.

பாடல் கூறுவதும் கூறாததும்

மண்டகப்பட்டுப் பாடலின் கருத்து சுருக்கமானது. பிரமன், ஈசுவரன், விட்டுணு ஆகியோர்க்குரிய இலக்ஷிதாயதனம் என்னும் இக்கோயில் செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி விசித்திரசித்தன் என்னும் அரசனால் ஆக்குவிக்கப்பட்டது என்பதே அது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி புரிந்த அவன் குணபரன், சத்துருமல்லன், மத்தவிலாசன், அவனிபாசனன், இலளிதாங்குரன் முதலிய பெயர்களையும் கொண்டிருந்தான். கோயில் எடுப்பித்தவன் என்னும் பொருள்தரும் சேத்தகாரி என்பதும் அவன் பெயரே. ‘இலக்ஷிதன்’ என்பதையும் அவனுடைய பெயராகக் கொண்டு, இலக்ஷிதாயதனம் என்பதற்கு ‘இலக்ஷிதனின் கோயில்’ எனப் பொருள் கூறுவர்.

இப்பாடலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நான்கு பொருள்களும் ஒரு கட்டடத்தின் உறுப்புகளை முழுமையாகத் தழுவுகின்றன. செங்கல் சுவருக்கும், மரம் தூணுக்கும் விட்டத்திற்கும் கூரைக்கும், உலோகம் ஆணிக்கும் பிணைப்புக்கும், சுதை பூச்சுக்கும் உருவத்திற்கும் உரியவை. எனவே இது கவிஞர் மனம்போனபடி அடுக்கிய அடுக்கன்று. அக்காலக் கோயிற் கட்டுமானத்தில் ஒரு தச்சன் கேட்டுப்பெறும் பொருள்களின் நிரல் எனலாம். அந்நிரலைத் தலைகீழாக்கியே பாடல் இயற்றப்பட்டுள்ளது.

இரண்டாவது, கோயில் எதனால் ஆனது என்பதைப் பாடல் கூறவில்லை. கல் என்றோ பாறை என்றோ மலை என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. காண்பவர் கண்முன் பாறையே நிற்பதால் அதைக் கூற வேண்டிய தேவை எழவில்லை. வியப்பு பாறையில் இல்லை. பழகிய பொருள்கள் இல்லாமையிலேயே உள்ளது. செங்கற்கோயிலையே கோயில் என்று அறிந்திருந்த மக்களை நோக்கியது இப்பாடல் என்பதை இவ்வமைதி காட்டுகிறது.

மூன்றாவது, ‘முதன்முதலாக’ என்னும் கருத்து பாடலில் இல்லை. நிலக்கொடை, விளக்கு, திருவமுது, பூசனை செய்வார் என்னும் எதுவும் அதில் இடம்பெறவில்லை. ஆக்குவித்தவன் பெயரும் ஆக்கிய முறையும் தெய்வங்களின் பெயரும் மட்டுமே உள்ளன. இவ்விடுபாட்டின் விளைவு பின்னர் விளக்கப்பெறும்.

குடைவரையின் அமைப்பு

முகப்பில் நடுவே இரண்டு முழுத்தூண்களும் இரு ஓரங்களிலும் இரண்டு அரைத்தூண்களும் உள்ளன. இவற்றால் மூன்று அங்கணங்கள் அமைகின்றன. தூண்கள் பருத்தவை. அவற்றின் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் சதுரமாகவும், இடைப்பகுதி எண்முகக் கட்டாகவும் செதுக்கப்பட்டுள்ளன. தூணின் மேல் வளைந்த முகமுடைய போதிகை அமர்ந்து உத்திரத்தைத் தாங்குகிறது. உத்திரத்திற்கு மேல் முறையாக வடிக்கப்பட்ட கபோதம் இல்லை. பாறையின் நீட்சியே தாழ்வாரமாக அமைகிறது.

உள்ளே இரண்டாவது தூண்வரிசை மண்டபத்தை முகமண்டபம், அர்த்தமண்டபம் என இரண்டாகப் பகுக்கிறது. பின்சுவரில் மூன்று கருவறைகள் வரிசையாகக் குடையப்பட்டுள்ளன. பாடலில் தெய்வங்கள் கூறப்பெறும் முறைவைப்பைக் கொண்டு நடுக்கருவறை ஈசுவரனுக்குரியது என்று கொள்வர். கருவறைகளில் பாறையிலேயே செதுக்கிய திருவுருவம் எதுவும் இல்லை. மகேந்திரன் காலக் குடைவரைகளில் தெய்வ வடிவம் சுவரில் தீட்டப்பெற்றோ சுதையிலோ மரத்திலோ அமைக்கப்பெற்றோ இருந்திருக்க வேண்டும் என்னும் ஆய்வாளர் கருத்து இங்கும் பொருந்தும். அவ்வாறாயின், கட்டடத்திலிருந்து விலக்கப்பட்ட மரமும் சுதையும் தெய்வத்தின் வடிவாகக் கருவறைக்குள் இடம்பெற்றிருக்கக் கூடும். அகநானூறு காட்டும் தீட்டப்பெற்ற கடவுளின் மரபு இக்குடைவரை வரை நீண்டது என்றும் கூறலாம்.

முகப்பின் இரு கோடிகளிலும் உள்ள கோட்டங்களில் வாயிற்காவலர் இருவர் செதுக்கப்பட்டுள்ளனர். இரு கைகளும் பெருங்கதையும் கொண்டு முன்னோக்கி நிற்கும் இவ்வுருவங்கள், தமிழகத்தில் காலம் தெளிவாக அறியப்பட்ட கற்சிற்பங்களுள் மிகப் பழையனவற்றுள் அடங்கும். கருவறை வாயிலில் அல்லாமல் கோயிலின் முகப்பிலேயே இவர்கள் நிறுத்தப்பட்டுள்ளனர்.

இவ்வமைப்பில் நோக்கத்தக்கது, பொருள் மாறியும் வடிவம் மாறாமையே. பாறையைக் குடைந்த இடத்தில் தூண் எந்தச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. போதிகை இன்றியும் கூரை நிற்கும். உத்திரம் என்பது பாறையின் ஒரு பகுதியே அன்றித் தனியே ஏற்றிவைத்த உறுப்பன்று. ஆயினும், மரத்தூண், அதன்மேல் மரப்போதிகை, அதன்மேல் உத்திரம் என்னும் தச்சனின் ஒழுங்கு அப்படியே கல்லில் பின்பற்றப்பட்டுள்ளது. சதுரமும் எண்முகக் கட்டும் மரத்தூணின் விளிம்புகளைச் சீவி எடுக்கும் வேலைமுறையை நினைவூட்டுவன. பாடல் மரத்தை மறுக்கிறது. தூண் மரத்தை மறக்கவில்லை.

வேலைமுறையும் இவ்வாறே இரு நிலைப்பட்டது. கட்டடம் உறுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுவது. குடைவரை வேண்டாதவற்றை நீக்கிப் பெறுவது. முற்றுப்பெறாத பல்லவக் குடைவரைகளில், பாறை முகத்தைச் சமன்செய்து சதுரங்களாகக் கோடிட்டு, கோட்டின் வழியே பள்ளம் வெட்டி, இடையில் எஞ்சிய புடைப்புகளை உடைத்தெடுத்துக்கொண்டே உட்சென்ற முறை காணப்படுகிறது. அதற்கு உளியும், அவ்வப்போது உளியைக் காய்ச்சித் தீட்டித்தரும் கொல்லனும் இன்றியமையாதவர்கள். கோயிலின் உறுப்பாக உலோகம் இல்லை என்பது உண்மை. உலோகம் இன்றி அக்கோயில் உருவாகியிருக்க இயலாது என்பதும் உண்மை.

இதே வட்டாரத்தில் மகேந்திரன் எடுத்த தளவானூர்ச் சத்துருமல்லேசுவரம் இக்கலையின் வளர்ச்சியைக் காட்டுகிறது. அங்கே தூண்களுக்கிடையே மகரதோரணமும், மேலே கூடுகளோடு கூடிய கபோதமும் உள்ளன. மண்டகப்பட்டின் முகப்பு இவை எதுவும் இன்றி எளிமையாக நிற்பதைக் கொண்டே அதனை முற்பட்டதாகக் கருதுவர்.

கல்லுக்கு இருந்த பொருள்

பாறை நிறைந்த இப்பகுதியில் மகேந்திரனுக்கு முன்னர்க் கல்லைக் கோயிலுக்குப் பயன்படுத்தாமைக்குத் தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமே காரணமாகாது. தமிழகத்தில் கல் நெடுங்காலம் இறந்தோரின் நினைவோடு பிணைந்திருந்தது. பெருங்கற்கால ஈமச் சின்னங்களும் நடுகற்களும் அதற்குச் சான்று. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. செங்கம் பகுதியில் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டுகளையே குறிக்கும் நடுகற்கள் கிடைத்துள்ளன. எடத்தனூரில் கோவிவன் என்னும் நாய்க்காக எடுக்கப்பட்ட கல் அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது.

ஆகவே, ஓரரசனின் ஆட்சியிலேயே கல் இருவகையாக வழங்கியது. ஊர்ப்புறத்தில் அது மாண்டவரின் நினைவைத் தாங்கியது. அரசன் குடைவித்த இடங்களில் கடவுளர்க்கு இல்லமாயிற்று. ஈமத்தோடு தொடர்புடைய பொருளைத் தெய்வத்திற்கு ஏற்றதாக மாற்றியதே மகேந்திரன் செய்த பெரிய மாற்றம் என்னும் கருத்தைக் கலை வரலாற்று அறிஞர் கே. ஆர். சீனிவாசன் முன்வைத்துள்ளார். பாடலில் ‘கல்’ என்னும் சொல் இல்லாமையை இக்கருத்தோடு இணைத்து எண்ணவும் இடமுண்டு.

‘முதல்’ என்னும் சிக்கல்

குடைவரைக் கலை மகேந்திரனுக்கு முன்னரே இந்தியாவின் பிற பகுதிகளில் வளர்ந்திருந்தது. வாதாபியின் மூன்றாம் குடைவரை கி.பி. 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிருட்டிணை ஆற்றங்கரையின் உண்டவல்லிக் குடைவரைகளோடு மகேந்திரனின் படைப்புகளை ழுவோ துப்ரேய் தொடர்புபடுத்தினார். தமிழகத்திற்குள்ளேயே, பாண்டிநாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரையில் உள்ள சிறு கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு, அக்குடைவரையை மகேந்திரனுக்கு முற்பட்டதாகக் கொள்வோரும் உளர்.

இவ்விவாதத்தால் மண்டகப்பட்டின் சிறப்புக் குறைவதில்லை. வாதாபி மணற்கல்லில் குடையப்பட்டது. மகேந்திரனின் தச்சர்கள் எடுத்துக்கொண்டது அதனினும் வன்மையான கருங்கற் பாறை. மேலும், பாடல் முதன்மையைக் கோரவில்லை என்பது தெளிவானபின், அதனை மெய்ப்பிப்பதோ மறுப்பதோ மண்டகப்பட்டு ஆய்வின் நடுப்பொருள் ஆகாது. பாடல் கோருவது வேறுபாட்டை. எதிலிருந்து வேறுபாடு என்னும் வினாவிற்கு விடை, குடைவரைகளில் இல்லை, செங்கற்கோயில்களில் உள்ளது.

கடற்கரைக் கோயில்களின் புதுப்பிப்பு

மண்டகப்பட்டு குடையப்பட்ட அதே நூற்றாண்டில், ஆரோவிலைச் சூழ்ந்த பகுதியில் புகழ்பெற்ற சிவன் கோயில்கள் வழிபாட்டில் இருந்தன. இரும்பை மாகாளம், அரசிலி, திருவக்கரை ஆகிய மூன்றையும் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். இவற்றுள் இரும்பை ஆரோவிலை ஒட்டியே உள்ளது. அரசிலி இன்று ஒழிந்தியாப்பட்டு என வழங்குகிறது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் ஆதலின், அவர் கண்ட கோயில்கள் மகேந்திரனின் குடைவரைகளுக்கு ஏறத்தாழச் சமகாலத்தவை.

ஆனால், அவர் கண்ட கட்டடம் எதுவும் இன்று இல்லை. இப்போதுள்ள கற்கட்டுமானங்கள் சோழர் காலத்தனவும் அதற்குப் பிற்பட்டனவுமாகும். கருங்கல் கிடைக்காத நிலத்தில் ஏழாம் நூற்றாண்டில் நின்றவை செங்கல், மரம், சுதை ஆகியவற்றால் ஆனவையே எனக் கொள்வதில் தடையில்லை. மகேந்திரனின் பாடல் எவற்றை விலக்கியதோ, அவற்றாலேயே இக்கோயில்கள் விளங்கின.

பல்லவர் கலையின் பிற்கால வளர்ச்சியும் இதனை உடனடியாக மாற்றவில்லை. கூரத்தில் முதலாம் பரமேசுவரவர்மனும், விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ள பனைமலையில் இராசசிம்மனும் கல்லை அடுக்கிக் கோயில் கட்டினர். எனினும் இவை அரசரின் படைப்புகள். ஊர்க்கோயில்கள் பரவலாகக் கற்றளிகளாக மாறியது சோழர் காலத்தில்தான். அம்மாற்றத்தில் தலைசிறந்த இடம் செம்பியன் மாதேவியாருக்கு உரியது. செங்கற்கோயில்கள் பலவற்றை அவர் கல்லால் புதுப்பித்தார். திருவக்கரைச் சிவன் கோயிலும் முதலாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1001இல், அவரால் கற்றளியாக்கப்பட்டது. மரக்காணம் பூமீசுவரர் கோயிலிலும் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் உள்ளன. உப்பளங்களுக்கு நடுவே உள்ள ஊரில் கற்றளி எழுந்தது என்றால், கல்லை உள்நாட்டிலிருந்து கொண்டுவரும் பொருள்வளமும் ஆள்வலிமையும் அக்காலத்தில் வாய்த்திருந்தன என்பது பொருள்.

மண்டகப்பட்டிற்கும் திருவக்கரைக் கற்றளிக்கும் இடையே ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்தன. ‘செங்கல்லிலிருந்து கல்லுக்கு’ என்னும் மாற்றம் மகேந்திரனின் ஒரு பாடலோடு நிகழ்ந்துவிட்டதாகக் கூறும் வழக்கம் இந்நான்கு நூற்றாண்டுகளை மறைத்துவிடுகிறது. அக்காலம் முழுவதும் ஊர்மக்களின் கோயில் செங்கற்கோயிலே.

நிலைத்த கட்டடமும் நிலைத்த வழிபாடும்

மேற்கூறிய இருவகைக் கோயில்களின் பிற்கால வரலாறு எதிர்த்திசைகளில் அமைந்தது. கடற்கரைக் கோயில்களின் கட்டடம் அழிந்தது, வழிபாடு தொடர்ந்தது. மண்டகப்பட்டின் கட்டடம் நிலைத்தது, வழிபாடு நிலைக்கவில்லை.

இதற்குக் காரணம் கட்டுமானப் பொருளின் இயல்பில் ஒருபகுதி உள்ளது. செங்கற்கோயில் சிதையும், சிதைவதால் திருப்பணியை வேண்டிநிற்கும். ஒவ்வொரு திருப்பணியும் ஊரையும் அரசையும் கோயிலோடு மீண்டும் பிணைக்கும். புதுப்பிக்கும்பொழுது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து மீண்டும் பொறித்ததற்குச் செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த திருக்கோடிகாவல் எடுத்துக்காட்டாகும். கட்டடம் மாறினாலும் உரிமைகளும் கொடைகளும் தொடர வேண்டும் என்னும் கருத்து அங்கே செயற்பட்டது. குடைவரையோ புதுப்பித்தலை ஏற்பதில்லை. பாறையில் குடைந்ததை மேலும் குடையலாம். திரும்பக் கட்ட இயலாது. மகேந்திரன் காலத் தூண் இன்றும் அவன் காலத் தூணாகவே நிற்பதற்கு அதுவே காரணம்.

ஆயினும், குடைவரை என்பதாலேயே வழிபாடு நின்றுவிட்டது என முடிவு செய்தல் தவறாகும். அதே மகேந்திரன் குடைவித்த சீயமங்கலம் அவனிபாசனப் பல்லவேசுவரம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதன் முன்னே பிற்காலத்தார் மண்டபங்களைக் கட்டினர். குடைவரை ஒரு பெரிய கோயிலின் கருவறைப் பகுதியாக மாறியது. எனவே, வேறுபாட்டிற்குரிய மற்றொரு காரணத்தைச் சமூகப் பிணைப்பில் தேட வேண்டும். மண்டகப்பட்டுப் பாடலில் அரசன் உண்டு, தெய்வங்கள் உண்டு, தொழில்நுட்பம் உண்டு, ஊர் இல்லை. நிலமும் விளக்கும் பூசனையும் அதில் பேசப்பெறவில்லை. சோழர் காலக் கற்றளிகளின் கல்வெட்டுகளோ பெரும்பாலும் நிலம், விளக்கெரிக்கும் ஆடு, நெல், பொன் ஆகியவற்றையே பேசுகின்றன. கட்டிய முறையைப் பெருமையாகப் பேசிய கோயில் வெறுமையாயிற்று. கோயிலை நடத்தும் முறையை எழுதிவைத்தவை நடந்துகொண்டுள்ளன.

மூவர்க்கும் ஒருசேர எடுத்த கோயில் என்பதும் கருதத்தக்கது. சம்பந்தர் பாடிய தலங்கள் சைவ அடியார் கூட்டத்தோடும் தலமரபோடும் பிணைந்தவை. பக்தி இயக்கம் வலுப்பெற்றபின் ஒவ்வொரு கோயிலும் சிவனுக்கோ திருமாலுக்கோ உரியதாக அடையாளம் பெற்றது. பிரமன், ஈசுவரன், விட்டுணு ஆகிய மூவரையும் சமநிலையில் வைத்த சிறு கோயிலைத் தன்னுடையதாக ஏற்கும் அடியார் மரபு உருவாதல் எளிதன்று.

இன்றைய பொருத்தப்பாடு

கடற்கரை நிலத்தின் பொருளியல்பு இன்றும் மாறவில்லை. 1968ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆரோவிலில், அந்நிலத்துச் செம்மண்ணோடு சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் மண்கட்டிகளால் கட்டடங்கள் எழுப்பப்பட்டுள்ளன. அந்நகரின் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் இத்தொழில்நுட்பத்தில் பயிற்சியளித்து வருகிறது. நோக்கம் வேறாயினும், கல்லற்ற நிலத்தில் மண்ணைக் கொண்டே கட்டுதல் என்னும் பழைய தேவை அங்கே தொடர்கிறது.

உள்நாட்டுப் பாறையின் நிலை வேறு. தமிழ்நாட்டில் சாலைக்கும் கட்டடத்திற்கும் வேண்டிய சல்லிக்காகக் கருங்கற் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், மையஅரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுக்கின்றன. குடைவரையைப் பொறுத்தவரை இவ்வரையறை தனிப்பொருள் கொண்டது. கட்டடக் கோயிலில் ஒரு கல் பெயர்ந்தால் மற்றொரு கல்லை வைக்கலாம். குடைவரையில் குன்றே கோயில்; பாறையில் விழும் ஒரு விரிசல் தூணிலும் கருவறையிலும் விழும் விரிசலாகும். அதனை மாற்றியமைக்க வழியில்லை. ஆகையால் பாதுகாக்க வேண்டியது முகப்பையும் பாடலையும் மட்டுமன்று. அவை இடம்பெற்றுள்ள பாறை முழுவதையுமாம்.

முடிவுரை

மண்டகப்பட்டுப் பாடல் ‘முதற் குடைவரை’ என்னும் பெருமையைக் கோருவதன்று. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கையும் கொள்ளாத கோயில் என்னும் வேறுபாட்டைக் கூறுவது. அந்நான்கும் வழக்கில் இருந்தமைக்கு அகநானூறும், சாளுவன்குப்பம் அகழாய்வும், ஆரோவில், மரக்காணம் பகுதிப் பாடல்பெற்ற தலங்களின் கட்டட வரலாறும் சான்றாகின்றன. குடைவரை பொருளால் அவற்றிலிருந்து விலகியபோதும், தூண், போதிகை, உத்திரம் என்னும் வடிவங்களால் மரக்கட்டுமானத்தையே பின்பற்றியது.

செங்கற்கோயில்கள் மகேந்திரனுக்குப் பின்னரும் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்து, சோழர் காலத்தில் கற்றளிகளாக மாறின. அழிந்து புதுப்பிக்கப்பட்டதால் அவற்றின் பழைய வடிவம் மறைந்தது. மண்டகப்பட்டு புதுப்பிக்கப்படாமையால் எஞ்சியது. எனவே, ஏழாம் நூற்றாண்டின் கோயிற்கலையை எஞ்சிய குடைவரைகளைக் கொண்டு மட்டும் எழுதுவது, அக்காலத்தில் அரிதாக இருந்ததைப் பெருவழக்காகக் காட்டிவிடும். மண்டகப்பட்டின் முகப்பிலுள்ள அச்சிறு பாடல், தான் மறுத்த பொருள்களின் பெயர்களைச் சொல்லி நிற்பதால், மறைந்துபோன அச்செங்கற்கோயில்களுக்கும் ஓர் ஆவணமாக விளங்குகிறது.